மாற்றத்துக்கான காரணம்

ஜூலை 3, புதன்

தென்காசியில் மூன்று நாள் பயிற்சி. ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள். பத்தே முக்காலுக்குத்தான் புரொஜெக்டருக்கு ஒயர் கிடைத்தது. அதுவரை எல்லோரும் இன்கிரிமென்ட், இடமாறுதல், சம்பந்தி வீடு என்று பேசித் தீர்த்தார்கள். எனக்குப் பேச ஆள் இல்லாததால் சுவரில் இருந்த உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோவியத் யூனியன் இன்னும் அதில் அப்படியே இருக்கிறது.

'வகுப்பறையில் விக்கி' என்பது தலைப்பு. நடத்த வந்த பெண்ணின் பெயர் ஃபர்சானா, மேலப்பாளையம், முப்பது வயது இருக்கலாம். விக்கி என்றால் எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையப் பக்கமாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம், கூட்டலாம், அழிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் மாற்றுகிறவர் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் ஏன் மாற்றினோம் என்று எழுத வேண்டும். கட்டத்தின் பெயர், 'மாற்றத்துக்கான காரணம்'.

முன்வரிசையில் ஒரு சார் எழுந்தார். "நான் எழுதுனதை இன்னொருத்தரு அழிச்சிட்டா யாரும்மா பொறுப்பு?" அரசாங்கத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவரின் கேள்வி. நானும் அதைத்தான் நினைத்தேன்.

எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர். சமூக அறிவியலுக்கு நான், அறிவியலுக்கு ஜெபக்கனி. வேறு வேறு பஸ்ஸில் போனோம், வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தோம். நாங்கள் பேசிக்கொள்ளாமல் ஐந்து வருடம் ஆகிறது. காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

கடைசி நாள். மதியப் பொட்டலத்தைச் சாப்பிட்டதும் தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். தலைவலி இல்லை. நாலரை மணி பஸ்ஸில் ஏறினால் ஜெபக்கனியும் ஏறுவாள். நேற்று அப்படித்தான் ஆயிற்று. கண்டக்டர், "ரெண்டு டீச்சரும் ஒரே சீட்ல இருங்கம்மா, ஆள் நிக்காவல்லா" என்று சேர்த்து உட்காரவைத்துவிட்டார். முக்கால் மணி நேரம் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு வந்தேன். அவள் கைப்பையில் இன்னமும் அதே யூகலிப்டஸ் தைல வாசம்.

பிற்பகல் கையெழுத்தையும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். எல்லோரும் செய்வதுதான். பிற்பகலில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ, யாரிடமாவது கேட்டுக்கொண்டால் போயிற்று.

வீட்டுக்கு மூன்றரைக்கே வந்துவிட்டேன். வந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அரிசி டப்பாவைத் துடைத்து வைத்தேன்.

ஜூலை 8, திங்கள்

எச்.எம். நம்பிராஜன் சார் இந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்தார். பழைய கதை எதுவும் தெரியாததால் துணிந்து ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நாச்சியார்குளத்தைப் பற்றி ஒரு விக்கி செய்ய வேண்டும். கரை, மடை, மறுகால், பாசனம் எல்லாம் நான். செடிகொடி, பறவை, தண்ணீர் எல்லாம் ஜெபக்கனி. செப்டம்பரில் மாவட்ட அலுவலகத்திலிருந்து பார்க்க வருவார்களாம்.

"சார், நாங்க ரெண்டு பேரும்..." என்று இழுத்தேன்.

"தெரியும் டீச்சர். பேசிக்கிட மாட்டீங்கன்னு கோமதி டீச்சர் சொன்னாவ. நான் பேசச் சொல்லலையே. எழுதத்தான சொல்லுதேன்."

ஜெபக்கனி, "சரி சார்" என்று எழுந்துவிட்டாள். பயிற்சியில் மூன்று நாளும் முழுதாக இருந்தவள் என்று அவளையே விக்கிக்குப் பொறுப்பாளராகப் போட்டார் சார். எனக்கான கடவுச்சொல்லை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். என் கையில் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?

ஜூலை 11, வியாழன்

மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து குளத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் அடித்தேன். ஒற்றை விரல். சேமித்ததும் என் பெயர் கீழே வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

என் பத்தியில் கைவைத்திருக்கிறாள்.

'மூன்று மடைகள்' என்று நான் எழுதியிருந்ததை 'நான்கு மடைகள்' ஆக்கியிருக்கிறாள். காரணம்: 'நாலாவது புதருக்குள் இருக்கிறது. போய்ப் பார்க்கவும்.' பதினெட்டு வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கும் எனக்கு மடை எண்ணச் சொல்லிக்கொடுக்கிறாள். திருப்பி மூன்று என்று மாற்றினேன். காரணக் கட்டத்தில், 'பொதுப்பணித் துறைப் பலகையில் மூன்று என்றுதான் இருக்கிறது' என்று எழுதினேன். வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் ஆறவில்லை. புளிக்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

குளத்துக்குப் போனேன். நாலு மடை இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

பிள்ளைகளை உட்காரவைத்தோம். உட்காரவைத்தோம் என்றால், நான் வலதுபக்கக் கம்ப்யூட்டர்களுக்கு, அவள் இடதுபக்கத்துக்கு. இதில் பிள்ளைகள் செய்த கூத்தை எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி தொடவே மாட்டேன் என்கிறாள். ஆகாயத்தாமரை பற்றி மாரிச்செல்வி தப்பாக ஒரு வரி எழுதினால், அதை அப்படியே விட்டுவிட்டு அதன் கீழே சரியான வரியை ஷிபானா எழுதுகிறாள். பக்கம் முழுக்க ஒரே விஷயம் தப்பாகவும் சரியாகவும் மாறி மாறி வந்தது.

"ஏன்ட்டீ, அவ வரியவே திருத்தலாம்லா?" என்றேன்.

"சண்டைக்கு வருவா டீச்சர்" என்றாள் ஷிபானா. "அவ பேசாம இருந்துட்டான்னா?"

இடதுபக்கத்தில் ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். நான் மவுஸை எடுத்துத் துடைத்தேன்.

மடையை நாலு என்று மாற்றிவிட்டேன். காரணக் கட்டத்தை ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

குளத்தின் உபரித் தண்ணீர் போகும் மறுகால் நிரம்பி ரோட்டுக்கு வந்த வெள்ளத்தை '2010 நவம்பர்' என்று எழுதியிருந்தேன். இன்று அது 2009 என்று மாறியிருக்கிறது. காரணம்: 'அன்றைக்குத்தான் இரண்டு பேர் செருப்பும் போயிற்று.'

சத்தமாகச் சிரித்துவிட்டேன். கம்ப்யூட்டர் அறையில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று. அப்போது நாங்கள் தினமும் நாலு இருபதுக்குச் சேர்ந்துதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம். அன்றைக்கு முழங்கால் தண்ணீர். என் செருப்பு முதலில் போயிற்று. அதைப் பிடிக்கப் போய் அவள் செருப்பும் போயிற்று. வெறுங்காலோடு டீக்கடை வாசலில் நின்று டீ குடித்தோம். "உலகு, நாளைக்கு ஸ்கூலுக்கு எதப் போட்டுட்டு வருவோம்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

அப்போது அவளுக்கு நான் உலகு. இப்போது என்னை டீச்சர் என்கிறாள், அதுவும் கூட்டங்களில் தவிர்க்க முடியாதபோது மட்டும். நானும் அப்படியே.

ஜூலை 21, ஞாயிறு

மழை. துணி எதுவும் காயவில்லை. சென்னையிலிருந்து தம்பி கூப்பிட்டான், இரண்டு நிமிடம் பேசினான். அம்மா போன பிறகு அவனுக்கு என்னிடம் கேட்க இரண்டே கேள்விதான். நல்லாருக்கியா, சாப்பிட்டியா. இரண்டுக்கும் ஆமாம் என்றேன். இந்த வீட்டில் இன்று நான் பேசிய வார்த்தை அவ்வளவுதான்.

எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதி வைக்கிறேன். 2019இல் ஜெபக்கனியின் வீட்டுக்காரர் ஞானமுத்து அண்ணனுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி. பார்க்க விடுவது நாலிலிருந்து ஆறு மணிவரைதான். வாரத்தில் மூன்று நாள் அவள் பள்ளியில் கையெழுத்துப் போட்டுவிட்டு 3.05 பஸ்ஸைப் பிடிப்பாள். அப்போதிருந்த எச்.எம். அம்மா வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்திருந்தார். மற்றவர்களிடம் ஜெபக்கனியை வட்டார அலுவலக வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லி வைத்திருந்தார். இந்த அனுமதி விஷயம் அந்த அம்மாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அவளுடைய கடைசிப் பிரிவேளையை நான்தான் எடுத்தேன்.

அப்புறம் யாரோ மொட்டை மனு போட்டுவிட்டார்கள். 'கையெழுத்திட்டுவிட்டு 3.05 பஸ்ஸில் செல்கிறார்.' விசாரணை, விளக்கம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று போயிற்று. அதோடு அவள் யாரோடும் பேசுவதை விட்டுவிட்டாள். என்னோடு மட்டும் என்றில்லை, எல்லோரோடும்தான்.

ஜூலை 23, செவ்வாய்

கோமதி டீச்சரின் பேத்திக்குக் காது குத்து. ஜெபக்கனி கோமதியிடம் கம்மல் மாடலைப் பற்றிப் பத்து நிமிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 26, வெள்ளி

ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் 'உரையாடல்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. கட்டுரையில் என்ன சேர்க்கலாம் என்று பேசிக்கொள்ளும் இடம். இப்போது நாங்கள் அதில் எழுதிக்கொள்கிறோம். அவள் எழுதுவாள்: 'கூழைக்கடாப் பறவைகளின் எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும்.' நான் எழுதுவேன்: 'பிள்ளைகள் நாற்பது என்கிறார்கள். மாரிச்செல்வி எண்ணியது, எனவே பாதியாகக் கொள்ளவும்.' அதற்கு அவள்: 'பாதியும் அதிகம்.'

ஸ்டாஃப் ரூமில் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், தலை நிமிர்வதில்லை. அந்த அறையைவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் அவள் பேச்சு அங்கே இருக்கிறது. மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா என்று நானே கேட்டுக்கொண்டேன். தேவைதான்.

ஜூலை 30, செவ்வாய்

பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது. ஜெபக்கனி உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. ராமநாதபுரம் பக்கம் ஏதோ ஊர். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி இங்கிருந்து விடுவிப்பு. நாலு வருடத்துக்கு முன்பே போயிருக்க வேண்டியவள். குற்றச்சாட்டு நிலுவையில் இருந்ததால் அப்போது பட்டியலில் பெயர் வரவில்லை.

எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் பீரோவில் எதையோ தேடினேன்.

இந்த டைரியில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? யாரோ போட்ட மனு இல்லை. நான் போட்டது. தென்காசியில் ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் அடித்து, 'இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பெற்றோர்' என்று முடித்தேன். பெற்றோராம். கல்யாணமே ஆகாதவள்.

அதற்குப் பிறகு அவளால் நாலு இருபதுக்கு முன்னால் பள்ளியைவிட்டு அசைய முடியவில்லை. பாளையங்கோட்டை போய்ச் சேரும்போது ஆறு மணி தாண்டியிருக்கும், வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தாள். ஏழு ஞாயிறு. ஒரு வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அண்ணன் போய்விட்டார்.

ஒன்பதாம் தேதிக்குள் அவளிடம் சொல்ல வேண்டும். பத்து நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மூன்றாவது பிரிவேளை எனக்கு ஓய்வு. ஜெபக்கனி 10-பி வகுப்பில் இருந்தாள், கரும்பலகையில் எழுதுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் அறையில் யாரும் இல்லை. உரையாடல் பக்கத்தைத் திறந்தேன். வாயால் வராதது விரலால் வரும் என்று நினைத்தேன், வந்தது. கூழைக்கடா எண்ணிக்கைக்குக் கீழே எட்டு வரி எழுதினேன். சேமித்தேன்.

இதைப் பிள்ளைகளும் திறந்து பார்ப்பார்களே என்று அப்போதுதான் உறைத்தது. கோமதி டீச்சர் பார்ப்பாள், எச்.எம். பார்ப்பார். எட்டு வரியையும் அழித்துவிட்டுச் சேமித்தேன். காரணக் கட்டத்தில் 'தவறுதலாக எழுதியது' என்று போட்டேன்.

பன்னிரண்டு நிமிடம் அது அங்கே இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. ஜெபக்கனி கரும்பலகையிலேயே இருந்தாள். தப்பித்தேன் என்று மூச்சுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், தப்பித்ததற்காகத்தான் அழுகை வந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒரு அதிசயம். மதியம் நான் டப்பாவை மூடும் நேரம் ஜெபக்கனி எழுந்து என் மேசைக்கு வந்தாள். ஐந்து வருடத்தில் முதல் தடவை. ஒரு கையை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கிட்ட எதும் சொல்லணுமா டீச்சர்?"

ஸ்டாஃப் ரூமில் ஆறு பேர் இருந்தார்கள்.

"மறுகால் போட்டோ இன்னும் ஏத்தல" என்றேன்.

அவள் மேசையிலிருந்து கையை எடுத்தாள். "ஏத்திரலாம்" என்றாள். போய்விட்டாள்.

பொறுப்பாளர் அல்லவா, போவதற்கு முன் வேலையை முடித்துக் கொடுக்கக் கேட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 7, புதன்

மறுகால் போட்டோவை அவளே எடுத்து ஏற்றியிருக்கிறாள். ரோட்டோரம், அந்த டீக்கடையும் தெரிகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பிரிவு உபசாரம். சால்வை, மாலை, காராசேவு, லட்டு. கோமதி டீச்சர் பேசும்போதே அழுதுவிட்டாள். என்னையும் பேசக் கூப்பிட்டார் எச்.எம். "விக்கி பக்கத்தை நல்லபடியா முடிச்சுக் குடுத்தாங்க, நன்றி" என்று உட்கார்ந்துவிட்டேன். ஜெபக்கனி பேசியதும் சுருக்கம்தான். "பதினெட்டு வருஷம் இருந்தேன். இங்க சிரிச்சதும் நெறைய, அழுததும் நெறைய. ரெண்டுக்கும் ஆள் இருந்துச்சு" என்றாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் மட்டும் நோட்டுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள். சால்வையை மடித்துக் கைப்பையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"நாலு இருபது ஆச்சு டீச்சர்" என்றாள்.

எழுந்திருக்க வேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. அதற்குள் சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் கூட நடந்திருக்கலாம்.

"நீங்க போங்க டீச்சர். எனக்கு நோட்டு இருக்கு."

"சரி" என்றாள்.

பள்ளிக் கேட்டைச் சாத்துகிற சத்தம் வரும்வரை ஒரே நோட்டில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே திருத்திய நோட்டு.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவள் நாற்காலியில் பி.டி. டீச்சர் பந்துப் பையை வைத்திருக்கிறாள். உரையாடல் பக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று ஃபர்சானா வந்தாள். ஜெபக்கனி போய்விட்டதால் பொறுப்பாளர் வேலையை என் பெயருக்கு மாற்ற வேண்டுமாம். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காட்டிக்கொடுத்தாள்.

"இது உங்களுக்குத் தெரியும்லா மேடம், மூணாவது நாள் மத்தியானம் சொன்னதுதான். 'பழைய பதிப்புகள்'. விக்கில எதுவுமே அழியாது. பிள்ளைங்க எதயாவது அழிச்சிட்டாலும் இங்க வந்து எடுத்துரலாம். யார் எழுதுனா, எப்ப எழுதுனா, எப்ப அழிச்சா, எல்லாம் நிக்கும்."

அந்த மத்தியானம்தான் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு இல்லாத தலைவலியோடு பஸ் ஏறினேன்.

"உரையாடல் பக்கத்துக்கும் உண்டா?" என்றேன்.

"எல்லாத்துக்கும் உண்டு மேடம். பாருங்க." சொடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

"அப்பறம் பார்த்துக்கிடுதேன்மா" என்றேன். "அழிச்சதை வேற யாரும் பார்த்திருப்பாங்களா?"

"போய்ப் பார்த்தா தெரியும். சாதாரணமா யாரும் போக மாட்டாங்க. ஆனா பொறுப்பாளருக்கு அப்படி இல்ல மேடம். எந்தப் பக்கத்துல யாரு ஒரு வரி எழுதுனாலும் அந்த நிமிஷமே முழுசா மெயில் போயிரும். ஜெபக்கனி மேடத்துக்கு இவ்வளவு நாளா போயிட்டு இருந்துது. இனிமே உங்களுக்கு வரும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "வேண்டாத பதிப்பு ஏதும் இருந்தா பொறுப்பாளர் அதை மொத்தமா மறைச்சிரலாம் மேடம். யாருக்கும் தெரியாது. இந்தப் பொத்தான்."

அவள் போன பிறகு திறந்தேன். ஆகஸ்ட் 2, காலை 11.40, உலகம்மாள். எட்டு வரியும் அப்படியே இருந்தது.

'ஜெபா, அந்த மனுவை எழுதியது நான்தான்.
தென்காசியில் டைப் அடித்து, பெற்றோர் என்று பொய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.
பிள்ளைகளின் படிப்புக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது பொய். நீ மூன்று மணிக்குப் போன நாட்களில் நாலு இருபதுக்கு நான் தனியாக நடந்தேன். உனக்குப் போக ஓர் இடம் இருந்தது, எனக்கு இல்லை. அவ்வளவுதான் காரணம்.
அண்ணனைக் கடைசியாக நீ பார்க்க முடியாமல் போனது என்னால்.
இது உனக்குத் தெரியாது.
தெரியாமலே நீ போகக்கூடாது.
மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.'

அன்றைக்கே அவள் மெயிலில் இது போயிருக்கிறது. திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து நின்றது இதைப் படித்துவிட்டு. ஒன்பதாம் தேதி நாலு இருபது ஆச்சு என்றது இதைப் படித்துவிட்டு. நான் போட்டோ என்றேன், நோட்டு என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றிவிட்டு வந்தேன். பள்ளியில் கொடுத்த மிட்டாய் இன்னும் பையில் இருக்கிறது.

மறைக்கும் பொத்தானைப் பற்றித்தான் நாள் முழுக்க யோசித்தேன். ஒரு சொடுக்கு. அப்புறம் ஜெபக்கனிக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற இன்னும் எட்டு வருடம் இருக்கிறது, இந்த ஊரில் டீச்சர் என்று கைகூப்புகிற முகங்கள் இருக்கின்றன. செப்டம்பரில் அதிகாரிகள் வேறு வருகிறார்கள்.

ஆனால் அந்த மனுவுக்கும் பெயர் இல்லை. இதையும் மறைத்தால் நான் இரண்டாவது தடவையும் மொட்டை மனுதான் போடுகிறேன். மன்னிப்பையும் மொட்டையாகக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

முதலில் எச்.எம். சாரிடம் போய் வாயால் சொன்னேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதெல்லாம் இப்ப எதுக்கு டீச்சர்? அவங்களும் போயிட்டாவ" என்றார். அவங்க போய்விட்டதால்தான் சார் என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "பிள்ளைங்க பார்க்கிற பக்கம்லா அது" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு பக்கத்தை ஆசிரியர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கிறேன் என்றேன். பொறுப்பாளர் என்பதால் அது முடியும்.

பிறகு கம்ப்யூட்டர் அறைக்குப் போய் அந்த எட்டு வரியையும் பழைய பதிப்பிலிருந்து எடுத்து மறுபடி பக்கத்தில் வைத்தேன். காரணக் கட்டம் கேட்டது. 'அழித்ததுதான் தவறு' என்று எழுதினேன். சேமித்தேன். கீழே என் பெயர் வந்தது.

ஆகஸ்ட் 17, சனி

பள்ளி அரைநாள். கோமதி டீச்சர் படித்துவிட்டாள் என்று அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனதில் தெரிந்தது. மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெபக்கனியிடமிருந்து ஒன்றும் இல்லை. அவளுக்கு இப்போது மெயில் போகாது, கணக்கு மட்டும்தான் இருக்கிறது, அவளாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு. ஏன் திறக்கப் போகிறாள்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தம்பி கூப்பிட்டான். நல்லாருக்கியா என்றான். இல்லடா என்றேன். அப்புறம் என்னக்கா என்றான். சொன்னேன். நாற்பது நிமிடம் பேசினோம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். முடித்துவிட்டு, எதுவும் இருக்காது என்று தெரிந்தும் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். என் மெயிலில் ஒன்று வந்திருந்தது. உரையாடல் பக்கத்தில் ஒரு மாற்றம். ஜெபக்கனி.

திறக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. மொத்தத்தையும் அழித்திருப்பாள் என்று நினைத்தேன், அல்லது கீழே நாலு வார்த்தை திட்டியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என் எட்டு வரியில் ஏழு வரியை அவள் தொடவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்திருக்கிறாள்.

'இது உனக்குத் தெரியாது.'

மாற்றத்துக்கான காரணம்: 'தகவல் பிழை. 3.05 பஸ்ஸை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், உலகு.'

ஐந்து வருடம் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து, தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறாள். பேசாமல் இருந்தது எல்லோரிடமும் இல்லை, என்னிடம் மட்டும்தான். அதை நானே இந்த டைரியில் மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்.

மணி அடித்தது. அடுத்த வகுப்பு 10-பி. எழுந்திருக்கும் முன் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அவள் செய்த திருத்தம் சரிதான். அப்படியே விட்டுவிட்டேன்.